சூதாட்ட மாளிகைக்குச் சலுகை! சேமநிதிக்கு வெட்டு!

2025 ஆகஸ்டில் கொழும்புக் கடற்கரையருகே 100 கோடி டாலருக்கு மேல் விழுங்கிய விடுதியொன்றில் சூதாட்ட மாளிகை திறக்கப்பட்டது.

கதை பழையது. 2014இல் ராஜபக்சே அரசாங்கம் இந்த விடுதி உள்ளிட்ட மூன்று திட்டங்களுக்குப் பல்லாண்டு வரிச்சலுகை வழங்கிற்று. பௌத்த பிட்சுக்களும் எதிர்க்கட்சியினரும் எதிர்த்தனர். 2015இல் சிறிசேனா அரசாங்கம் சூதாட்ட அனுமதியை ரத்துச் செய்தது. ஆஸ்திரேலியக் கோடீஸ்வரர் பேக்கரின் திட்டம் கைவிடப்பட்டது. ஜான் கீல்ஸ் கம்பெனியோ கட்டடத்தை நிறுத்தவில்லை. பத்தாண்டு கழித்துச் சூதாட்டமும் வந்து சேர்ந்தது!

இடையில் நடந்ததென்ன? 2022இல் நாடு திவாலாயிற்று. 2023இல் கடன் சீரமைப்பென்று யார் பணத்தில் கை வைத்தார்கள்? தொழிலாளியின் சேமநிதியில்! அதன் பத்திரங்களுக்கு வட்டியைக் குறைத்தார்கள். வங்கிகளிடமிருந்த அதே பத்திரங்களைத் தொடவில்லை.

ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோழர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல. தோலால் அன்னியச் செலாவணி வருகிறதென்றார்கள். டாலர் முதலாளிக்கு வந்தது. பாலாறு நமக்குப் பாழாயிற்று. செலாவணிக்காக நீரையும் நிலத்தையும் நாசமாக்க உரிமையில்லையென்று 1996இல் உச்ச நீதிமன்றமே கூறிற்று.

ஆகவே நாம் கேட்கிறோம்: முதலாளிக்குச் சலுகை தருமுன், உழைப்பவன் சேமிப்புக்கு என்ன உத்தரவாதம்? கொழும்பானாலும் தில்லியானாலும் பதில் சொல்லியே தீரவேண்டும்!