இந்த முறை சுற்றுலா நம்ம ஊருக்கே, அதுவும் சைக்கிளில்



பாடசாலைச் சுற்றுலாப் பேச்சு மறுபடியும் தொடங்கிவிட்டது. வழமை போல நுவரெலியா, கண்டி, தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை. விடியச் சாமம் இரண்டு மணிக்கு பஸ் ஏறுவது, பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுப்பது, நடு இரவில் வீடு திரும்புவது. அதை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பொலன்னறுவை மாவட்டத்தில் படிப்பிக்கிற ஆசிரியர்களாகிய எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கதுருவெலயிலும் தம்பாளையிலும் சுங்காவிலிலும் ஓனேகமயிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பழைய நகரத்தை நிதானமாகச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள்?

1982இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை என்று அறிவித்த இடம் அது. வெள்ளைக்காரர்கள் டொலரில் டிக்கட் எடுத்து, வாடகைச் சைக்கிளில் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக நாள் முழுக்கச் சுற்றுகிறார்கள். நம் பிள்ளைகளோ அதே இடத்தை வரலாற்றுப் புத்தகத்தில் மனப்பாடம் செய்கிறார்கள். கதுருவெலயிலிருந்து நாலைந்து கிலோமீற்றர்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை சைக்கிளில் கூட்டிப் போவோம்.

ஏன் சைக்கிள்? பஸ்ஸில் போனால் ஒவ்வொன்றும் தனித்தனிக் கல்லாகத்தான் தெரியும். இறங்கு, படம் எடு, ஏறு. சைக்கிளில் போனால்தான் குளமும் நகரமும் வயலும் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பது புரியும். பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டு ஏறக்குறைய 14 கிலோமீற்றர். புத்தகத்தில் அது வெறும் இலக்கம். கட்டின் மேல் எதிர்க்காற்றில் மிதித்துப் பார்க்கிற பிள்ளைக்கு, 12ஆம் நூற்றாண்டில் மண்ணைக் கூடையில் சுமந்து இதைக் கட்டியவர்களின் உழைப்பு தன் காலிலேயே தெரியும். கட்டின் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். அந்தத் தண்ணீரில்தான் நம் வாப்பாமாரில் எத்தனையோ பேர் இன்றைக்கும் இரண்டு போகம் செய்கிறார்கள். 'முதலாம் பராக்கிரமபாகுவின் நீர்ப்பாசனப் பணிகள்' என்ற கேள்விக்கு விடை நம் வீட்டுச் சோற்றுக் கோப்பையில் இருக்கிறது என்று பிள்ளைக்கு அங்கே வைத்துச் சொல்லலாம்.

குளக்கட்டிலிருந்து பழைய நகரத்துக்குள் போனால் தெற்கிலிருந்து வடக்காக ஒரே பாதை, பெரும்பாலும் மர நிழல். அரண்மனையின் தடித்த செங்கல் சுவர்கள், வட்டதாகே, அதற்குப் பக்கத்தில் நிசங்கமல்ல மன்னனின் கல்பொத்த. எட்டு மீற்றருக்கு மேல் நீளமான ஒற்றைக் கல், முழுக்க எழுத்து. அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில், முழுக்கக் கருங்கல்லால் கட்டிய இரண்டாம் சிவ தேவாலயம். 11ஆம் நூற்றாண்டில் சோழர் இந்த நகரத்தைத் தலைநகராக வைத்து, ஜனநாதமங்கலம் என்று பெயர் சூட்டியிருந்த காலத்தில் எழுந்தது. இன்னும் வடக்கே போனால் ஆளாகன பிரிவெனாவின் ஆஸ்பத்திரி இருந்த இடம். நோயாளியைப் படுக்க வைக்கும் கல் மருந்துத் தொட்டி அங்கே இருக்கிறது. அங்கே தோண்டி எடுத்த சத்திரசிகிச்சைக் கருவிகள் நூதனசாலையில் இருக்கின்றன. டொக்டராக வேண்டும் என்று சொல்கிற பிள்ளைகள் நம் வகுப்புகளில் எத்தனை பேர்! அவர்களுக்கு இதைக் காட்ட வேண்டாமா? கடைசியில் கல் விகாரை. ஒரே பாறையில் நான்கு சிலைகள். படுத்திருக்கும் சிலை மட்டும் 14 மீற்றர்.

இனி, நமக்குள் எழும் பேச்சுக்களுக்கு வருவோம்.

"அது அவங்கட சாமான், நமக்கென்ன?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் வேளைக்காரர் கல்வெட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவோம். புனித தந்தம் இருந்த கோயிலைப் பாதுகாப்போம் என்று, அரசனின் படையில் இருந்த வேளைக்காரப் படையினர் தமிழில் கல்லில் வெட்டி வைத்த வாக்குறுதி அது. பௌத்தக் கோயில், சிங்கள அரசு, தமிழ்க் கல்வெட்டு. இந்த நாட்டில் யார் யாரோடு எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? பார்ப்பது வணங்குவது அல்ல. பூமியில் பயணம் செய்து முன்சென்ற சமூகங்களின் சுவடுகளைப் பார்க்கும்படி குர்ஆனே பல இடங்களில் நம்மை ஏவுகிறது.

அடுத்தது பொலிஸ் பயம். 2019 ஜனவரியில் கிரலாகல தூபியின் மேல் ஏறிப் படம் எடுத்த பல்கலைக்கழக மாணவர்கள் கைதானதை யாரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு "அந்தப் பக்கமே போகாதே" என்று சொல்கிற பெற்றோர் கூடிவிட்டார்கள். நாங்கள் வேறு மாதிரி யோசிக்கிறோம். பல்கலைக்கழகம் வரை படித்த பிள்ளைகளுக்குத் தூபியில் ஏறக்கூடாது என்பதைப் பதினான்கு வயதிலேயே யாராவது கூட இருந்து சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். புனித இடத்தில் செருப்பையும் தொப்பியையும் கழற்று, சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதே, கல்லில் பெயர் எழுதாதே, எதன் மேலும் ஏறாதே. நாலே விதி. இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சொன்னால் வாழ்நாளுக்கும் மறக்காது.

மூன்றாவது, வீதிப் பயம். இது சும்மா வந்த பயமில்லை. 1992இல் அழிஞ்சிப்பொத்தானையிலும் பள்ளியகொடல்லவிலும் நம்மவர்கள் கொல்லப்பட்டதையும், முத்துக்கல், கரப்பொலயில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டதையும் பார்த்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. பொழுதுபட்டால் வீதியில் இறங்காதே என்பது அவர்கள் உயிரைக் கொடுத்துப் படித்த பாடம். அவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம். ஆனால் அந்தப் பயத்தை அப்படியே பேரப்பிள்ளைக்கும் கொடுக்க வேண்டுமா என்று மட்டும் கேட்கிறோம்.

இன்றைக்கு உள்ள ஆபத்து லொறியும் பஸ்ஸும் யானையும்தான். அதற்கு வழி இருக்கிறது. பிரதான வீதியில் முடிந்தளவு குறைவாகப் போய், குளக்கட்டையும் உள் வீதிகளையும் பிடிப்பது. இடது ஓரமாக ஒருவர் பின் ஒருவராகப் போவது. முன்னுக்கு ஒரு ஆசிரியர், பின்னுக்கு ஒருவர், கூடவே ஒரு முச்சக்கர வண்டி. சுபஹுக்குப் பிறகு புறப்பட்டு லுஹருக்கு முன் வீடு வந்துவிடுவது. யானை நடமாடும் மின்னேரியா பக்கம் இந்தப் பயணத்தில் இல்லவே இல்லை.

கடைசியாகப் பெண்பிள்ளைகள். எட்டாம் வகுப்பு வரை சைக்கிளில் வந்த பிள்ளையின் சைக்கிள் ஒன்பதாம் வகுப்பில் தம்பிக்குப் போய்விடுகிறது. வரலாற்றுப் பாடத்தில் அவளோடு போட்டி போட வகுப்பில் ஆளில்லை, ஆனால் வரலாறு நடந்த இடத்துக்கு அவள் மட்டும் வரக்கூடாது. இது நியாயமா? பெண்பிள்ளைகளைத் தனிக் குழுவாக, ஆசிரியைகளோடும் உம்மாமாரோடும் கூட்டிப் போகலாம். வேன் ஒன்றில் சைக்கிள்களை ஏற்றிப் பழைய நகர வாசல் வரை கொண்டுபோய், உள்ளே மட்டும் ஓடலாம். ஆடை ஒழுக்கத்துக்கும் சைக்கிளுக்கும் சண்டையில்லை, செயின் கவர் இருந்தால் போதும்.

செலவு என்று பார்த்தால் நுவரெலியா பஸ் காசில் கால்வாசியும் வராது. 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் தூசு தட்டி எடுத்த சைக்கிள்கள் இப்போதும் பல வீட்டு விறாந்தைகளில் சாத்திக் கிடக்கின்றன. இல்லாத பிள்ளைக்கு அதில் ஒன்றை ஒரு நாள் இரவல் கொடுக்கலாம். சைக்கிள் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் முதல்நாள் பின்னேரம் பாடசாலைக்கு வந்து பிரேக்கையும் டயரையும் பார்த்துத் தந்தால் பெரிய உதவி.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பெற்றோர் சம்மதித்தால் அதிபர் ஊடாக வலயக் கல்வி அலுவலக அனுமதிக்கு எழுதலாம். இன்ஷா அல்லாஹ், மழைக்காலம் தொடங்க முன்னர் ஒரு சனிக்கிழமை. வரக்கூடிய பெற்றோரும் இரவல் சைக்கிள் தரக்கூடியவர்களும் கீழே பெயரைப் போடுங்கள்.