பெட்டி கட்டும் முன்பே சொல்லக் கூடாதா?

சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் பேறுகாலம் பார்க்க அத்தை புறப்பட்டபோது துணைக்கு நானும் போனேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, வறுத்து இடித்து, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய பிரசவ லேகியம் அவரிடம் இருந்தது. பெரிய பெட்டியில் வைத்தால் பாட்டில் உடைந்துவிடும் என்று பயந்து, துணி சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். பாதுகாப்புச் சோதனையில் அதை நிறுத்திவிட்டார்கள். "பிள்ளை பெத்தவளுக்கு மருந்து, தம்பி" என்றார் அத்தை. அந்த இளைஞருக்குத் தமிழ் தெரியவில்லை, கூடையைக் கைகாட்டினார். பெரிய பெட்டி ஏற்கெனவே பெல்ட்டில் போய்விட்டது. பின்னால் வரிசை நெருக்கியது. இரண்டு நாள் உழைப்பு கூடைக்குள் விழுந்தது.

அந்த இளைஞர் மீது எனக்குக் குறையில்லை. விதியும் காரணமில்லாமல் வந்ததல்ல. குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை எடுத்துச் சென்று, அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கப் போட்ட சதி 2006 ஆகஸ்ட் 10 அன்று லண்டனில் வெளிப்பட்டது. கைப்பையில் வரும் திரவங்களுக்கான 100 மில்லி லிட்டர் கட்டுப்பாடு அதன் பிறகு உலகெங்கும் பரவியது. சோதனையின் அருமையைச் சென்னைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1984 ஆகஸ்ட் 2 அன்று மீனம்பாக்கத்தில் பயணப் பெட்டியில் இருந்த குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டே கனிஷ்கா விமானம் நடுவானில் வெடித்து 329 பேரைப் பறிகொடுத்தோம். சோதனை கடுமையாகவே இருக்கட்டும்.

என் கேள்வி வேறு. விதியை எந்த இடத்தில் சொல்கிறார்கள்? பொருளைத் திருப்பிக் கொடுக்கவோ இடம் மாற்றவோ வழியில்லாத இடத்தில், தட்டுக்கு முன்னால் நிற்கும்போது சொல்கிறார்கள். பயணச்சீட்டோடு வரும் ஆங்கிலப் பொடியெழுத்தை அத்தை எப்படிப் படிப்பார்? இருக்கைக்கும் சாப்பாட்டுக்கும் கூடுதல் பணம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஓயாமல் செய்தி அனுப்பும் விமான நிறுவனங்களுக்கு, இதைத் தமிழில் அனுப்புவது ஒரு வேலையா?

காரணம் தெரியாவிட்டால் விதிகள் ஒன்றுக்கொன்று முரணாகத்தான் தோன்றும். லேகியம், ஊறுகாய், நெய், தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் பெரிய பெட்டிக்குள் போக வேண்டும். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால், பயணிகள் பகுதியில் உடனே பார்த்து அணைக்கலாம். சரக்கு அறையில் தீ முற்றிய பிறகுதான் தெரியவரும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஏறக்குறைய 74 வாட்-அவர். 100 வரை தடையில்லை. திரவ விதியில் இன்னொரு நுட்பம்: கணக்கில் வருவது பாட்டிலின் கொள்ளளவு. 200 மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம் மீந்திருந்தாலும் விடமாட்டார்கள். பெட்டியில் வைக்கக் கூடாத இன்னொன்று கொப்பரை; அது எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. இதைச் சொன்னால் கொப்பரையைப் பெட்டியில் வைக்க எந்தத் தாய் அடம்பிடிப்பார்?

கசகசாவை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. நம் குருமாவில் சேரும் அந்தப் பொருள் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடைசெய்யப்பட்டது. பாட்டில் போனால் மனவருத்தம். கசகசா பிடிபட்டால் வழக்கு.

அரசு மனம் வைத்தால் முடியும் என்பதற்கு இருமுடியே சான்று. நெய்த்தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக முடியாமல் ஐயப்ப பக்தர்கள் தவித்ததால், 2022 நவம்பரிலும் பிறகு 2024 அக்டோபரிலும் சபரிமலைப் பருவத்துக்கு விலக்கு அளித்தார்கள். எக்ஸ்ரே, வெடிபொருள் தடயச் சோதனை, கைச்சோதனை மூன்றும் முடிந்தே தேங்காய் உள்ளே போனது. பாதுகாப்புக்கும் குறைவில்லை, பக்தருக்கும் வருத்தமில்லை.

மொழிப் பிரச்சினையும் புதிதல்ல. விமான நிலையத்தில் பாதுகாப்பு ஊழியரிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசும்படி கேட்டதற்கு 'நீங்கள் இந்தியரா' என்ற கேள்வி வந்ததாக 2020 ஆகஸ்டில் கனிமொழி சொன்னபோது, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை விசாரணைக்கு உத்தரவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் என்பதால் அது செய்தியானது. முதல்முறை விமானம் ஏறும் கொத்தனாரும் பாட்டியும் பேசாமல் நகர்ந்துவிடுகிறார்கள்.

சென்னை, திருச்சி, மதுரை, கோவை விமான நிலையங்களில் பெட்டி போடும் கவுன்டருக்கு முன்பே, எழுத்துப் பலகையோடு நிறுத்தாமல், லேகியப் பாட்டிலையும் பவர் பேங்க்கையும் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, எது எங்கே போக வேண்டும் என்று தமிழில் காட்டுங்கள். பெட்டியை வாங்கும் ஊழியர் தமிழில் ஒரு வார்த்தை கேட்கட்டும். தடுத்த பொருளை வாசலில் நிற்கும் உறவினரிடம் சேர்க்கவோ கூரியரில் வீட்டுக்கு அனுப்பவோ ஒரு மேசை போடுங்கள்.

அதுவரை, வெளிநாட்டிலிருந்து அப்பா அம்மாவுக்குப் பயணச்சீட்டு எடுத்து அனுப்பும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அவர்கள் பெட்டி கட்டும் அன்று போன் செய்யுங்கள். கைப்பையில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.