கெமிக்கலே இல்லையாம்ல!

ஊர்லேருந்து வந்திருந்த அம்மாவுக்கு இடது கையில மூணு விரல் நுனி வெடிச்சுப் போச்சு. கட்டை விரல், ஆட்காட்டி விரல், நடுவிரல். தண்ணி பட்டாலே எரிச்சல். நீலசந்திரால எங்க வீட்டுக்கு வந்துபோற அத்தனை பேரும் ஒரே தீர்ப்பு: "பாத்திரம் தேய்க்கிற சோப்புதான். எல்லாம் கெமிக்கல்."

சோப்பை நிறுத்திட்டு சீயக்காத்தூள்ல பாத்திரம் தேய்ச்சோம் (சிரிக்காதீங்க). குறையலை. பக்கத்து வீட்டு அக்கா லாவண்டர் எண்ணெய் கொடுத்தாங்க. 'சுத்தமான இயற்கை, பக்கவிளைவே கிடையாது'ன்னு பாட்டில் மேலயே போட்டிருந்தது. ரெண்டு வாரம் தடவினதுல விரல் நுனியில இருந்தது புறங்கை வரைக்கும் ஏறிடுச்சு.

கடைசியா போன தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பூண்டை எந்தக் கையில பிடிச்சு உரிப்பீங்க?"

வலது கையில கத்தி, இடது கையில பூண்டு. அந்த மூணு விரல்! அம்மா வந்ததுலேருந்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் பூண்டு ஊறுகாய் போட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. பூண்டுல இருக்கிற டை அல்லைல் டைசல்ஃபைடுதான் வில்லன். சாதாரண கையுறையையும் தாண்டிப் போயிடுமாம். பேட்ச் டெஸ்ட் பண்ணாங்க. முதுகுல பட்டை ஒட்டி, 48 மணி நேரம் கழிச்சுப் பிரிச்சுப் பார்த்து, ஓரிரு நாள் விட்டு மறுபடி பார்க்கிறது. அதுல லாவண்டரும் மாட்டிச்சு. அதோட வாசனைக்குக் காரணமான லினலூல், காத்து பட்டு ஆக்சிடைஸ் ஆச்சுன்னா அலர்ஜியைக் கிளப்பும். திறந்து வெச்ச பழைய பாட்டில்னா இன்னும் மோசம்.

எனக்குக் கோபம் அம்மா மேலயோ அக்கா மேலயோ இல்லை. அந்த 'பக்கவிளைவே கிடையாது' மேல. கிராம்புல யூஜெனால், பட்டையில சின்னமால்டிஹைடு, எல்லாமே கெமிக்கல்தான் சாமி. ரெண்டும் பேர்போன அலர்ஜிக்காரங்க. இங்கே காலி மனையில மண்டிக் கிடக்கே பார்த்தீனியம், 1950கள்ல புனே பக்கம் கண்ணுல பட்டு நாடு முழுக்கப் பரவினது, முகம் கழுத்தெல்லாம் தடிக்க வைக்குமே, அதுவும் நூறு சதம் இயற்கை. உரமே போடாம வளருது. அரைச்சு மூஞ்சியில பூசுவீங்களா?

"பாட்டி காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?" இருந்துச்சே. கரப்பான்னு பேர் வெச்சிருந்தாங்க. சேராங்கொட்டைப் பால் பட்டா தோல் கொப்புளிக்கும்னு தெரிஞ்சுதான் சித்த வைத்தியர்கள் அதைச் சுத்தி பண்ணாம மருந்துல சேர்க்க மாட்டாங்க. இயற்கைன்னா சாதுன்னு நம்ம மரபு எப்பவும் சொல்லலை. அதைச் சொன்னது விளம்பரக்காரன்.

ஐரோப்பால 2005லேருந்து 26 வாசனைப் பொருளை, குறிப்பிட்ட அளவுக்கு மேல இருந்தா, பேர் சொல்லி லேபிள்ல எழுதணும். லினலூலும் யூஜெனாலும் அதுல உண்டு. 2023ல அந்தப் பட்டியலை 80க்கு மேல நீட்டிட்டாங்க. எங்க வீட்டு பாட்டில்ல இருந்தது ஒரு இலைப் படம், பக்கத்துல 'பாரம்பரியம்'. அலர்ஜி உள்ளவங்க எதைப் பார்த்து ஒதுங்கறது?

இப்ப பூண்டு உரிக்கிறது அப்பா. அம்மா கை ஆறிடுச்சு. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனப்ப அக்கா முகம் சுண்டிப் போச்சு. "நல்லதுன்னுதானே தம்பி குடுத்தேன்"னாங்க.