வள்ளியம்மாவின் பெயர்

அறிவு 2024இல் தன் இசைத்தொகுப்புக்கு 'வள்ளியம்மா பேராண்டி' என்று பெயர் வைத்ததைப் பாட்டி மீதுள்ள பாசம் என்று மட்டும் வாசிக்க முடியவில்லை. அது ஓர் உரிமைக் கோரிக்கையும்கூட.

பா. இரஞ்சித்தும் டென்மாவும் 2017இல் உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடி அறியப்பட்டவர் அறிவு. 2019இல் ஒஃப்ரோவுடன் இணைந்து 'தெருக்குரல்', 2021 மார்ச்சில் தீயுடன் 'எஞ்சாய் எஞ்சாமி'. அதன் பிறகே தனியாகத் தன் பெயரில் ஒரு தொகுப்பு. மேற்கில் ராக் குழுவை விட்டு வரும் பாடகர் கண்ட்ரி, ஃபோக் பக்கம் ஒதுங்குவது வழக்கம். பெரும்பாலும் அது இரைச்சலில் இருந்து எடுத்துக்கொள்ளும் ஓய்வு. அறிவுக்கு அந்த வசதி இல்லை. அவருடைய பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு அரக்கோணம் பக்கம் திரும்பியவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அந்தக் கணக்கில் எண்தான் உண்டு, பெயர் இல்லை.

பெயர் விடுபடுவது பேரனுக்கும் நேர்ந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் இல்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றியே 'எஞ்சாமி' ஒலித்தது. பாடலை உருவாக்கியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அவரும் சந்தோஷ் நாராயணனும் தீயும் சொன்னவை ஒன்றுபோல் இல்லை. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை. வழக்கு எழ இடம் தந்த பழக்கத்தைப் பற்றியே என் கேள்வி: 'நாட்டுப்புறம்' என்று முத்திரை குத்திவிட்டால் பாட்டுக்கு ஆசிரியர் தேவையில்லை என்று நாம் எப்படி முடிவு செய்தோம்?

நாட்டுப்புறம் என்பதுதான் எங்கே இருக்கிறது? சங்கப் பாடல்களில் படப்பை என்றால் வீட்டை ஒட்டிய தோட்டம். இன்றைய படப்பை, வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில், ஒரகடத்துக் கார் ஆலைகளுக்கு ஷிப்ட் மாற்ற ஓடும் கம்பெனி பஸ்களின் வழியில் இருக்கிறது. (வாடகை அறைகளில் ஒடியாவும் இந்தியும் கேட்கும். அவர்களுடைய பாட்டிகளும் ஏதோ பாடியிருப்பார்கள்.) அதே சாலையில் சாவு ஊர்வலம் போனால் பறை அதிரும், பஸ் ஒதுங்கி நிற்கும். இறந்தவர் வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண், மெட்டை மரபிலிருந்து எடுத்துக்கொள்கிறாள். ஆனால் செத்தவர் செய்த வேலை, அவர் விட்டுப்போன கடன், வராத மகன், எல்லாவற்றையும் அங்கேயே, அந்த நேரத்திலேயே சொல்லாக்குகிறாள். சிற்றிதழில் ஒருவர் இதைச் செய்தால் கவிஞர் என்கிறோம். இவளுடைய குரலைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு போகிறவர் 'மரபுப் பாடல்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். அந்தப் பாட்டு சம்பாதித்தாலும் அவளுக்குச் சேராது.

கூட்டாக விளைந்த ஒன்றில் தனி ஒருவர் பெயர் பொறிப்பது மட்டும் நியாயமா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. வள்ளியம்மாவுக்கும் யாரோ பாடிக் காட்டியிருப்பார்கள். ஆனால் அறிவு அந்தத் தலைப்பில் தன்னைப் படைத்தவன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பேராண்டி என்கிறார், யாருடைய பேராண்டி என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறார்.