எல்லாம் செத்துச்சா, ஒண்ணு மட்டுமா?

போன செமஸ்டர் ஐ.வி.க்கு விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வேனில் கிளம்பினோம். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியதும் வேனில் இருந்த பிளக் பாயின்ட் எல்லாம் அவுட். உங்களுக்கும் இது நடந்திருக்கும். என்ன செஞ்சீங்க? நாங்கள் செய்ததைத்தான் செய்திருப்பீர்கள். சார்ஜரை ஆட்டினோம், கேபிளை மாற்றினோம், சாக்கெட்டை நாலு தட்டு தட்டினோம். அத்தனை பேரும் டிரிபிள்-இ மூன்றாம் வருஷம்!

திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தியபோது டிரைவர் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார்: "எல்லாம் செத்துச்சா, ஒண்ணு மட்டுமா தம்பி?"

ஒண்ணு மட்டும்னா கோளாறு அந்த சாக்கெட்டில். எல்லாமேன்னா கோளாறு அதற்கு முன்னாடி, மின்சாரம் வரும் வழியில். சீட்டுக்கு அடியில் இன்வெர்டரைப் பார்த்தோம். ஓவர்லோட் விளக்கு சிவப்பாக எரிந்தது. பின் சீட்டில் ஒருத்தன் நூடுல்ஸுக்காக கெட்டில் போட்டிருக்கான்! கணக்குப் போடுங்க: 1500 வாட் கெட்டில், 12 வோல்ட் பேட்டரி. இழப்பை விட்டாலும் 125 ஆம்பியர். இன்வெர்டரோ வெறும் 600 வாட். அது செத்துப்போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. கெட்டிலைக் கழற்றி, ஆஃப் செய்து ஆன் செய்ததும் எல்லாம் வந்துவிட்டது.

நமக்கு ஃபார்முலா தெரியாமல் இல்லை. 'கரண்ட் எங்கிருந்து வருது?' என்று கேட்கத்தான் பழகவில்லை. லேபில் சப்ளை எப்பவும் ரெடியாக இருக்கும், சர்க்யூட் எப்பவும் சரியாக இருக்கும். அப்புறம் எப்படிப் பழகும்?

இது சிரிச்சுட்டுப் போற விஷயமில்லை. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகராவில், நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. குழு சோதித்துச் சொன்னது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதனால் பிளக் பாயின்ட் வேலை செய்யும்போதும் அதே கேள்வியைக் கேளுங்கள்: கரண்ட் எங்கிருந்து வருது? ஜெனரேட்டர் என்றால், அதன் புகை எங்கே போகுது?

அடுத்த முறை சாக்கெட் செத்தால் இந்த வரிசையில் போங்க. முதலில் எல்லாமா, ஒண்ணா என்று பாருங்கள். எல்லாம் என்றால் பேட்டரி வோல்டேஜ்: முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்கும். ரொம்ப இறங்கினால் இன்வெர்டர் தானாக நின்றுவிடும். அடுத்து இன்வெர்டரின் விளக்கு. பிறகு ஃபியூஸ். சாக்கெட்டைக் கழற்றுவது கடைசி, அதுவும் சப்ளையை நிறுத்திய பிறகுதான். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் தடிமனான கம்பியைப் போட்டு 'சரிபண்ண' வேண்டாம். அப்புறம் எரியப்போவது ஃபியூஸ் இல்லை, வயர்.

நம்ம டிபார்ட்மென்ட்டிடம் ஒரு கோரிக்கை. செமஸ்டருக்கு ஒரு லேப் வகுப்பில், வேண்டுமென்றே கெடுத்து வைத்த ஒரு போர்டை எங்களிடம் கொடுங்கள். சர்க்யூட் டயகிராம் வேண்டாம், ஒரு மல்டிமீட்டர் போதும். கண்டுபிடித்தவனுக்கு மார்க் போடுங்கள்.

அதுவரைக்கும், டிரைவர் அண்ணன்தான் நமக்கு எச்.ஓ.டி.