கனவிலிருந்து குறட்டைக்கு

கனவுக்கு இலக்கியத்தில் என்றுமே ஓர் ஆசனம் உண்டு. உறக்கத்துக்கு அப்படியில்லை. கனவு காண்பவன் கவிஞன். உறக்கமின்றித் தவிப்பவன் காதலன் அல்லது சிந்தனையாளன். வெறுமனே தூங்குபவனோ சோம்பேறி. குறட்டை விடுபவன் கோமாளி. இந்த வரிசையைக் கலைத்துப் போட்டவர் என்றே அமெரிக்க மருத்துவர் வில்லியம் டிமென்டை நான் மதிப்பிடுகிறேன். 2020 ஜூன் 17 அன்று, தமது 91ஆம் வயதில் அவர் மறைந்தபோது ‘உறக்க மருத்துவத்தின் தந்தை’ என்று எழுதினார்கள். பட்டம் பொருத்தமானதே. ஆனால் அவர் எதைத் தேடிப் புறப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதுதான் என்னை அதிகம் கவர்வது.

அவர் தேடிப் புறப்பட்டது கனவை. 1950களின் தொடக்கத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோது, அக்காலத்து மனநல ஆர்வலர் பலரையும் போல அவரும் ஃப்ராய்டின் வசீகரத்துக்கு ஆட்பட்டிருந்தார். உறக்க ஆய்வின் முன்னோடியான நாதனியல் கிளைட்மனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் சில வேளைகளில் விரைந்து அசைகின்றன என்பதை அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி கண்டறிந்தார். கிளைட்மனும் அவரும் 1953இல் அதை வெளியிட்டனர். டிமென்ட் அந்த இழையைப் பிடித்துக்கொண்டார். இரவு முழுவதும் மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார். உறக்கம் ஒரே சீரான மயக்கமல்ல, ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை சுழன்று வரும் படிநிலைகளால் ஆனது என்று கிளைட்மனுடன் இணைந்து 1957இல் காட்டினார். விழியசைவு நேரத்தில் எழுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் கனவொன்றைச் சொன்னார்கள். கனவின் வாசல் திறந்துவிட்டதாகவே தோன்றியிருக்க வேண்டும்.

1960இல் அவர் இன்னும் ஓர் அடி முன்வைத்தார். விழியசைவு தொடங்கும்போதெல்லாம் எழுப்பிவிட்டுக் கனவைப் பறித்தால் மனிதனுக்கு என்ன ஆகும்? பதற்றமும் எரிச்சலும் கவனச் சிதறலும் வருகின்றன. நெடுநாள் நீடித்தால் ஆளுமையே குலையக்கூடும் என்று எழுதினார். கனவே மனநலத்தின் காவல் என்னும் இக்கருத்து இலக்கியவாதிகளுக்கு எத்தனை இனிப்பாக இருந்திருக்கும்! ஆனால் தொடர்ந்த ஆய்வுகள் அதற்கு இடம் தரவில்லை. இழந்த விழியசைவு உறக்கத்தை உடல் பின்னர் ஈடுகட்டிக்கொள்வது உண்மை. மனம் சிதையும் என்பது மெய்ப்படவில்லை. அந்த உறக்கத்தைத் தடுப்பது மனச்சோர்வு நோயாளிகள் சிலருக்கு நிவாரணம்கூடத் தந்தது என்று 1975இல் ஜெரால்டு வோகல் காட்டினார். டிமென்ட் தம் பழைய முடிவைப் பிடித்துத் தொங்கவில்லை, கைவிட்டார். புகழ் தேடித் தந்த ஓர் அழகிய கருத்தைக் கைவிடுவது எளிதன்று; எழுத்தாளர்களாகிய நமக்கு அது நன்றாகவே தெரியும்.

அவரைக் கனவிலிருந்து நோயாளியிடம் இட்டுச் சென்றதும் அதே விழியசைவுதான். நார்கோலெப்ஸி என்னும் நோய் உள்ளவர்கள் பகலில் அடக்கமுடியாத தூக்கத்தில் விழுவார்கள். அவர்களில் பலர் வாய்விட்டுச் சிரித்தாலே, நினைவு தப்பாமலே, தசைகள் தளர்ந்து சரிந்துவிடுவார்கள். இயல்பான மனிதர் ஒன்றரை மணி நேரம் உறங்கிய பின் அடையும் விழியசைவு நிலையை இவர்கள் உறங்கிய சில நிமிடங்களிலேயே அடைகிறார்கள் என்பது 1960களில் தெளிவாயிற்று. 1963இல் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்த டிமென்ட், இத்தகையோரைத் தேடி நாளிதழில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்நோய் இருந்தது. அதுவரை அவர்களை உலகம் சோம்பேறிகள் என்றே அழைத்திருக்கும்.

1970இல் அங்கே உறக்கக் கோளாறுகளுக்கென ஒரு மருத்துவமனைப் பிரிவைத் தொடங்கினார். 1972இல் பிரான்சிலிருந்து கிறிஸ்தியன் கில்மினோ வந்து சேர்ந்தார். உறங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்று, மூளை திடுக்கிட்டு விழித்து, மீண்டும் உறங்கி, இப்படியே இரவெல்லாம் நூற்றுக்கணக்கான முறை அல்லற்படுவோரை அவர்கள் பதிவு செய்தார்கள். 1976இல் அந்நோய்க்கு முறையான இலக்கணம் வகுக்கப்பட்டது. 1993இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த ஆய்வு, நடுவயது ஆண்களில் 4 விழுக்காட்டினரும் பெண்களில் 2 விழுக்காட்டினரும் பகல் தூக்கத்தோடு கூடிய இம்மூச்சுத்தடையால் அவதிப்படுவதாகக் கணித்தது.

இந்த நோயாளியை இலக்கியம் முன்பே கண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. 1836-37இல் வெளிவந்த டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்றொரு பருத்த பையன் வருவான். எந்த வேலையின் நடுவிலும் தூங்கிவிடுவான், குறட்டை விடுவான். டிக்கன்ஸின் கண் ஒன்றையும் தவறவிடவில்லை. வாசகர்கள் நூறாண்டுக்கும் மேலாகச் சிரித்தார்கள். மிகுந்த உடற்பருமனும் மூச்சுக்குறைவும் ஓயாத தூக்கமும் சேர்ந்த நிலைக்கு 1956இல்தான் மருத்துவர்கள் ‘பிக்விக்’ பெயரைச் சூட்டினார்கள். நுட்பமாகப் பார்ப்பது வேறு, பரிவோடு பார்ப்பது வேறு. முன்னதில் இலக்கியம் வென்றது. பின்னதில் தோற்றது என்றே சொல்வேன்.

டிமென்டும் மேரி கார்ஸ்கடனும் 1970களில் உருவாக்கிய சோதனை மிக எளிமையானது. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவரை இருட்டறையில் படுக்க வைத்து, உறங்க எத்தனை நிமிடமாகிறது என்று பார்ப்பது. அவ்வளவே. ஆனால் அதுவரை குணக்கேடாகக் கருதப்பட்ட தூக்கக்கலக்கம் அன்றுமுதல் ஓர் எண்ணாகிவிட்டது. எண்களை ஐயத்தோடு நோக்குவது நம் வழக்கம். இங்கே ஓர் எண்தான் மனிதனைப் பழிச்சொல்லிலிருந்து மீட்டது.

அவர் ஸ்டான்ஃபோர்டில் வளர்த்த நார்கோலெப்ஸி நாய்களும் ஒரு பயன் தந்தன. 1999இல் எம்மானுவல் மின்யோவின் குழு அந்நாய்களில் குறைபட்ட மரபணுவைக் கண்டறிந்தது. மனித நோயாளிகளின் மூளையில், விழிப்பைக் காக்கும் ஹைபோகிரெட்டின் என்னும் பொருளைச் சுரக்கும் செல்கள் அழிந்திருப்பது 2000இல் தெரியவந்தது. சோம்பல் என்று ஏசப்பட்டதற்குக் காரணம் மூளையில் அழிந்துபோன பல்லாயிரம் செல்கள்.

டிமென்டின் பிரசாரத் தொனி மிகையானது என்று சொல்பவர்கள் உண்டு. வகுப்பில் தூங்கும் மாணவர்மீது நீர்த்துப்பாக்கியால் பீய்ச்சி, தூக்கக்கலக்கம் அபாய அறிவிப்பு என்று முழங்க வைத்தவர் அவர். இன்று கைக்கடிகாரம் முதல் மெத்தை வரை உறக்கம் விற்பனைச் சரக்காகிவிட்டதில் அந்த முழக்கத்துக்கும் பங்கிருக்கலாம். கனவின் மர்மத்தை விட்டு மூச்சுக்குழாயைப் பார்க்கப் போய்விட்டாரே என்ற இலக்கிய வருத்தமும் புரிகிறது. கனவின் பொருள் இன்றும் விளங்கவில்லைதான். ஆயினும் விளங்காத ஒன்றின் அழகில் மயங்கி நிற்பதைவிட, பக்கத்து அறையில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவனைப் போய்ப் பார்ப்பது மேலானது. உறங்குபவனைப் பற்றி அடுத்தமுறை எழுதும்போது, சிரிப்பதற்கு முன் அவன் மூச்சைச் சற்றே கவனிக்கலாம்.