எட்டு மணி நேர நைட் ஷிப்ட்

வாலாஜாபாத்தில் ராத்திரி நேரத்தில் இரண்டு கோஷ்டிகளைப் பார்க்கலாம். ஒன்று, கழுத்தில் ஐ.டி. கார்டோடு ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் ஏறி, உட்கார்ந்த மாத்திரத்தில் வாயைப் பிளந்து தூங்கும் கோஷ்டி. பங்குனி பிறந்துவிட்டால் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஆர்மோனியமும் வேஷப் பெட்டியுமாக வேனில் அடைந்துகொண்டு, ஏதோ ஒரு திரௌபதி அம்மன் கோயிலுக்குப் போகிற கூத்து கோஷ்டி.

இருவருக்கும் நைட் ஷிப்ட்தான். கூத்து பத்து மணி சுமாருக்கு ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். ஏறக்குறைய எட்டு மணி நேரம். ஓவர்டைம் மட்டும் கிடையாது.

லண்டனில் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் என்று ஒரு பெரிய இடம் இருக்கிறது. 1822-ல் ஆரம்பித்தது. அங்கே இசை நாடகத்துக்கென்றே ஒரு வருஷ மேற்படிப்பு நடத்தியிருக்கிறார்கள். குரல், நடிப்பு, நடனம் மூன்றிலும் போட்டுப் பிழிந்து எடுத்துவிடுவார்கள். மூன்றும் கைவந்த ஆசாமிக்கு அந்தத் தொழிலில் 'டிரிபிள் த்ரெட்' என்று பட்டப்பெயர். நம் கூத்தில் பட்டப்பெயரெல்லாம் இல்லை. மூன்றும் வராவிட்டால் பெரிய வேஷம் கிடையாது, அவ்வளவுதான்!

கர்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் திரைக்குப் பின்னால் நின்று உச்ச ஸ்தாயியில் பாட வேண்டும். திரை விலகியதும் சலங்கை கட்டிய காலோடு சுழன்று சுழன்று ஆட வேண்டும். தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம் எல்லாம் மரத்தில் செய்து கண்ணாடி பதித்தவை. இந்தக் கட்டைகளைக் கட்டி ஆடுவதால்தான் கட்டைக்கூத்து என்று பெயர். சுற்றி முடித்த அடுத்த நிமிஷமே மூச்சு வாங்காமல் மறுபடி பாட்டு. உங்கள் ஆபீசில் லிப்ட் ரிப்பேரான அன்றைக்கு நாலு மாடி ஏறிப் போய் மேனேஜரிடம் 'குட் மார்னிங் சார்' என்று சொல்லிப் பாருங்கள். கர்ணன் படுகிற பாடு புரியும்.

முன்பெல்லாம் இதைக் கற்க ஒரே வழி, சின்ன வயசிலேயே ஜமாவில் சேர்ந்துவிடுவது. கூத்து வரும், படிப்பு போய்விடும். பெ. ராஜகோபால் அப்படித்தான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அப்பா பொன்னுசாமியிடம் கற்றுக்கொண்டார். தனக்கு நேர்ந்தது அடுத்த தலைமுறைக்கு வேண்டாம் என்று, ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளரான மனைவி ஹன்னா டி பிரைனோடு சேர்ந்து, காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் 2002-ல் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார். ஒரே வளாகத்தில் பள்ளிப் பாடமும் உண்டு, அடவும் உண்டு. ஆண்களே சேலை கட்டி திரௌபதியாக வந்த கலையில் பெண் பிள்ளைகளும் கிரீடம் கட்டி ஆடினார்கள்.

2020-ல் அந்தக் குருகுலம் மூடப்பட்டுவிட்டது.

அதனால் என்ன, கூத்து நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. ஆனால் இன்று ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு ஒரகடத்தில் மாசம் பிறந்தால் சம்பளம். கூத்திலோ சீசன் முடிந்தால் கையில் காசில்லை. பத்து வருஷம் தொண்டையைப் பழக்கு என்றால் எவன் கேட்பான்?

இரண்டையும் விடாத பையன் ஒருவனை எனக்குத் தெரியும். பகலில் உதிரி பாகம், ராத்திரி பாரதம். ''பதினெட்டாம் போர் அன்னிக்கு லீவு கேட்டா, 'என்னப்பா விசேஷம்'ங்கறாங்க அண்ணே. துரியோதனன் சாகணும் சார்னு எப்படிச் சொல்றது?'' என்றான்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் சூபர்வைசர் லீவு தராவிட்டால், அந்த வருஷம் அந்த ஊருக்கு துரியோதனன் இல்லை. அவனிடம் கற்க வேண்டிய சின்னப் பையனுக்கு வாத்தியாரும் இல்லை.

கம்பெனிகள் நமக்கு வருஷத்துக்கு இரண்டு நாள் ஏ.சி. ஹாலில் 'கம்யூனிகேஷன் ஸ்கில்' சொல்லித் தருகின்றன. மைக் இல்லாமலே கடைசி வரிசைப் பாட்டிக்குக் கேட்கிற மாதிரி பேசப் பழகியவன் அதே ஹாலில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நாலு நாள் லீவு கொடுத்தால் கம்பெனி முழுகிவிடாது.

நமக்கும் ஒரு வேலை உண்டு. பத்து மணிக்குப் போய் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு பதினொன்றுக்குத் திரும்புகிற வழக்கத்தை விடுவோம். மூணு மணி வரை உட்காருங்கள். எல்லோருக்கும் கண் சொக்குகிற அந்த நேரத்திலும் குரல் உடையாமல் நிற்கிறதே, அதற்குப் பெயர்தான் பயிற்சி. தாம்பாளம் உங்கள் பக்கம் வந்தால், தூங்குவதுபோல் மட்டும் நடிக்காதீர்கள். எதிரே இருப்பவர்கள் நடிப்பு தெரிந்தவர்கள்!